தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்!

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஒரே கூட்டம். திருக்கழுக்குன்றத்தில் பலர் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர். கையெல்லாம் காய்ப்பு. நகக்கண்களில் கல் தூள். மாமல்லபுரத்தில் சிலை செய்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருக்கு அருகில் அவருடைய மகன். தலை மேல்கம்பியில் இடிக்கும் என்று குனிந்து நின்றான். அவ்வளவு உயரம்!

பெரியவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார்.

“தம்பி, படிச்சவராட்டம் தெரியுறீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 14 பக்கம். எல்லாம் ஆங்கிலம். ஒரு தனியார் கூடைப்பந்து அணி, பையனை ஒரு பருவம் ஆடக் கூப்பிடுகிறது. சம்பளம் 3 லட்சம் ரூபாய். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

“3 லட்சம்னு மட்டும் எனக்குப் புரிஞ்சுது. மீதி 13 பக்கத்துல என்ன இருக்கு?” என்று கேட்டார் பெரியவர்.

நல்ல கேள்வி! அந்த 13 பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. காலில் அடிபட்டால் அன்றோடு சம்பளம் நின்றுவிடும். அணி விரும்பினால் பையனை வேறு அணிக்கு மாற்றிக் கொடுக்கலாம். அவனைக் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் 2 ஆண்டுகளுக்கு அவன் வேறு எங்கும் ஆடக் கூடாது.

பையன் வாய் திறக்கவில்லை. அவனுக்கு அடுத்த மாதம் ரயில்வேயில் ஆட்டத் தேர்வு இருக்கிறதாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்குப் போக முடியாது.

“போடலாமா, வேண்டாமா?” என்று கேட்டார் பெரியவர்.

மாமல்லபுரம் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இன்று இந்தப் பக்கத்தில் சொல்ல முயல்கிறேன். ஏனென்றால் இது அவர் வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் நாளை இந்தக் கேள்வி வரப்போகிறது.

*உத்தியோகமும் ஒப்பந்தமும்*

கூடைப்பந்து நமக்குப் புது ஆட்டம் அல்ல. 1891-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் இதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அதே ஊர்க் கல்லூரியில் படித்தவர் ஹாரி பக். அவர் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பல ஆண்டுகள் இந்த ஆட்டத்தில் பணம் கிடையாது. ஆனால் உத்தியோகம் இருந்தது. நன்றாக ஆடுகிற பையனை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி எடுத்துக்கொள்ளும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை எடுத்துக்கொள்ளும். தெற்கு ரயில்வே எடுத்துக்கொள்ளும். காலையில் பயிற்சி, பகலில் மேஜை வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். 35 வயதில் முழங்கால் தேய்ந்து ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது. அதுதான் அந்த ஏற்பாட்டின் பெருமை.

பிறகு காலம் மாறியது. 2015-ல் யு.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டி வந்தது. சென்னைக்கும் ‘சென்னை ஸ்லாம்’ என்று ஓர் அணி இருந்தது. 2017-க்குப் பிறகு அந்தப் போட்டியே நின்றுவிட்டது. 2022-ல் ஐ.என்.பி.எல். என்ற வேறொரு போட்டி வந்தது. அதில் ‘சென்னை ஹீட்’ ஆடியது.

உத்தியோகம் வேறு, ஒப்பந்தம் வேறு. உத்தியோகம் கிணறு மாதிரி. கோடையிலும் கொஞ்சம் ஊறும். ஒப்பந்தம் மழை மாதிரி. பெய்தால் கொட்டும், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. மழை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் மழையை நம்பிக் கிணற்றைத் தூர்க்கலாமா?

*ஏழடிப் பையன்*

பஞ்சாபில் பல்லோ கே என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ஓர் விவசாயி வீட்டில் 1995-ல் பிறந்தவர் சத்னாம் சிங். வளர்ந்தார், வளர்ந்தார், 7 அடிக்கு மேல் வளர்ந்தார்! லூதியானாவில் பயிற்சி பெற்றார். 14 வயதில் உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா போனார். பாஷை தெரியாது. சாப்பாடு புதிது. தாய் தகப்பன் பக்கத்தில் இல்லை. இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார்.

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்பதுதான் உலகத்திலேயே பெரிய கூடைப்பந்துப் போட்டி. ஆண்டுக்கு ஒருமுறை, புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் இரண்டு சுற்று. 2015-ல் அப்படி எடுக்கப்பட்ட 60 பேரில் 52-வது ஆள் நமது சத்னாம் சிங். டல்லாஸ் அணி அவரை எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் தடவை. நாடே கொண்டாடியது. அவரைப் பற்றிச் சினிமாப் படம்கூட எடுத்தார்கள்.

ஆனால் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு ஒரு விஷயம் தெரியும்? முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்குத்தான் உறுதியான ஒப்பந்தம் உண்டு. இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பெயரை வாசிப்பார்கள், கை தட்டுவார்கள். சம்பளம் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை!

என்.பி.ஏ. அணியில் இடம் கிடைத்திருந்தால் அந்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளமே 5 லட்சம் டாலருக்கு மேல். சத்னாம் சிங் ஆடியது அதற்குக் கீழ்ப் படியில் இருந்த போட்டியில். அங்கே சம்பளம் ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலருக்கும் குறைவு. பெரிய அரங்கில் ஒரு போட்டியில்கூட அவர் இறங்கவில்லை.

பிறகு நாடு திரும்பினார். கனடாவுக்குப் போய் ஆடினார். 2019-ல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். அவர் குற்றச்சாட்டை மறுத்து விசாரணை கேட்டார். முடிவில் 2 ஆண்டுத் தடை வந்தது. அதன் பின் அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, 2022-ல் மேடை ஏறினார்.

இதைத் தோல்விக் கதை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்தக் கிராமத்துப் பையன் போன தூரம் சின்னத் தூரம் அல்ல. ஆனால் பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படுவது வேறு. ஒப்பந்தம் கிடைப்பது வேறு. ஒப்பந்தப் பணம் கைக்கு வந்து சேருவது வேறு. மூன்றும் மூன்று படி. முதல் படியிலேயே ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிடுகிறோம்!

*ஆளுக்கு ஆள் மாற்று*

கிரிக்கெட் பார்க்கிற வீடுகளில் 2025 நவம்பரில் ஒரு பரபரப்பு. சென்னை அணியின் ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார். ராஜஸ்தானின் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். ‘நம்ம ஜடேஜாவை எப்படி விட்டார்கள்?’ என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்டார்கள்.

ஐ.பி.எல்.லில் இப்படி மாற்ற வேண்டுமானால் ஆட்டக்காரர் சம்மதிக்க வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்தில் பெரும்பாலோருக்கு அந்த உரிமையும் இல்லை. ராத்திரி தூங்கும்போது ஓர் ஊர். காலையில் எழுந்தால் வேறு ஊர். மனைவி மக்கள், பள்ளிக்கூடம், வாடகை வீடு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

வருத்தம் ஆட்டக்காரருக்கு மட்டும் அல்ல, விற்றவருக்கும் உண்டு. 2024-ல் டல்லாஸ் அணியை இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுபோனவர் லூகா டோன்சிச். அடுத்த பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். மாற்றிய நிர்வாகிக்கு அந்த ஆண்டு நவம்பரில் வேலையே போய்விட்டது!

ஆனால் மாற்றம் என்றாலே அழுகை என்று நினைக்க வேண்டாம். இதோ ஒரு தகப்பனின் கதை.

*பிள்ளைக்காகப் போனவர்*

எட் மெக்காலி என்று ஓர் ஆட்டக்காரர். செயிண்ட் லூயிஸ் என்ற ஊர்க்காரர். பாஸ்டன் அணிக்காக ஆறு ஆண்டு ஆடி நல்ல பெயர் வாங்கியவர். 1956-ல் அவருடைய கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, ஆனால் உடம்பு முடங்கிவிட்டது. குழந்தை செயிண்ட் லூயிஸில். தகப்பனுக்கு வேலை பாஸ்டனில்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பேரம் நடந்தது. பில் ரஸ்ஸல் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை செயிண்ட் லூயிஸ் அணியிடம் இருந்தது. பாஸ்டன் அதைக் கேட்டது. ‘மெக்காலியையும் இன்னொருவரையும் கொடுத்தால் தருகிறோம்’ என்றது செயிண்ட் லூயிஸ்.

பாஸ்டன் முதலாளிக்கு மெக்காலியை விட மனம் இல்லை. மெக்காலியே, ‘என்னை அனுப்பிவிடுங்கள், எனக்கு என் பிள்ளையோடு இருக்க வேண்டும்’ என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு நடந்தது என்ன? பில் ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 தடவை பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்! கணக்குப் போடுகிறவர்கள், ‘செயிண்ட் லூயிஸ் ஏமாந்தது’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

மெக்காலி ஏமாந்தாரா? 1958-ல் செயிண்ட் லூயிஸ் அதே பாஸ்டனை இறுதிப் போட்டியில் தோற்கடித்தது. கோப்பை வாங்கிய அணியில் மெக்காலியும் இருந்தார். அதையும் விட, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவருடைய பிள்ளை அங்கே இருந்தது.

மெக்காலிக்குத் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்திருந்தது. எதற்காக ஆடுகிறோம் என்று தெரிந்தவனுக்கு வருத்தம் குறைவு. பணம் எவ்வளவு என்று மட்டும் தெரிந்தவனுக்கு வருத்தம் அதிகம்.

*வேண்டாம் என்றவர்*

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. லாட்ரல் ஸ்பிரிவெல் என்ற பெரிய ஆட்டக்காரர். ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 46 லட்சம் டாலர். 2004-ல் மின்னசோட்டா அணி அவரிடம், ‘இன்னும் 3 ஆண்டு ஆடுங்கள், 2 கோடியே 10 லட்சம் டாலர் தருகிறோம்’ என்றது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சம்பளத்தைக் குறைக்கிறார்களே! ‘எனக்குக் குடும்பம் இருக்கிறது, அவர்களுக்குச் சோறு போட வேண்டும்’ என்று சொல்லி மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 34.

அடுத்த பருவம் முடிந்தது. வேறு அணி எதுவும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை. அத்தோடு ஆட்டம் முடிந்தது. சில ஆண்டுகளில் கடனுக்காக அவருடைய உல்லாசப் படகு பறிமுதலானது. வீடும் ஜப்திக்கு வந்தது.

அவசரப்பட்டுச் சரி என்பதும் தப்பு. ஆத்திரப்பட்டு வேண்டாம் என்பதும் தப்பு.

ஒருமுறை தவறினால் வாழ்க்கையே போச்சு என்றும் அர்த்தம் இல்லை. அதே ஜடேஜாவைப் பாருங்கள். 2010-ல் அவருக்கு 21 வயது. ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று ஒரு பருவம் முழுவதும் அவரை ஐ.பி.எல்.லில் ஆடவிடவில்லை. விதி தெரியாமல் ஓர் ஆண்டு போயிற்று. ஆனால் மனம் தளராமல் ஆடினார். 2012-ல் சென்னைக்கு வந்தார், உலகப் புகழ் பெற்றார். 2025-ல் மீண்டும் அதே ராஜஸ்தானுக்கே போயிருக்கிறார். 21 வயதில் செய்த பிழையைத் திருத்த நாள் இருக்கிறது.

*சட்டம் உங்கள் பக்கம்*

பஸ்ஸில் பார்த்த பெரியவர் போன்றவர்கள் அச்சடித்த காகிதத்தைக் கண்டாலே பயப்படுகிறார்கள். ‘எல்லாரும் போடுற கையெழுத்துதானே’ என்று போட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். நம் நாட்டில் 1872-லிருந்தே ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அதில் உங்களுக்கு உதவும் இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று: 18 வயது நிறையாத பிள்ளை போட்ட கையெழுத்து அவனைக் கட்டாது. அதனால்தான் தாய் தகப்பனிடம் கையெழுத்து வாங்க வருவார்கள். வந்தால், பொறுப்பு உங்கள் தலையில் என்று அர்த்தம்.

இரண்டு: ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவனைத் தொழில் செய்யாதே என்று கட்டிப்போட முடியாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் வழக்கு இதற்குச் சாட்சி. ஒரு விளம்பரக் கம்பெனியோடு அவர் செய்த 3 ஆண்டு ஒப்பந்தம் 2003-ல் முடிந்தது. முடிந்த பிறகும், ‘வேறு கம்பெனிக்குப் போகும் முன் எங்களுக்கே முதல் வாய்ப்புத் தர வேண்டும்’ என்று அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. 2006-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி அந்த நிபந்தனை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

பெரியவர் காட்டிய காகிதத்தில் ‘2 ஆண்டு வேறு எங்கும் ஆடக் கூடாது’ என்று இருந்ததே, அதை இந்தத் தீர்ப்போடு சேர்த்துப் பாருங்கள். அச்சில் இருப்பதெல்லாம் சட்டம் ஆகிவிடாது!

ஆனால் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும். ஒரு காலத்தில் அமெரிக்கக் கூடைப்பந்திலும் ஆட்டக்காரன் ஓர் அணிக்கே அடிமை போல் இருந்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு அணிக்குப் போக முடியாது. 1970-ல் ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற பெரிய வீரர், சங்கத் தலைவராக இருந்து வழக்குத் தொடுத்தார். 1976-ல் சமரசம் ஆயிற்று. ஆட்டக்காரர்களுக்கு விடுதலை கிடைத்தது. ராபர்ட்சனோ 1974-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். மரம் வைத்தவர் அவர்; பழம் சாப்பிட்டவர்கள் பின்னால் வந்தவர்கள்.

*யார் செய்ய வேண்டும்?*

பெற்றோர்கள் செய்ய வேண்டியது சுலபம். கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

பணம் எந்தத் தேதியில், எத்தனை தவணையில் வரும்? அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, சம்பளம் உண்டா? போட்டியே நின்றுபோனால் பாக்கியை யார் தருவார்? கேட்காமல் வேறு அணிக்கு மாற்ற முடியுமா? படிப்பையோ, வேலைக்கான தேர்வையோ விட வேண்டியிருக்குமா?

இந்த ஐந்துக்கும் பதில் காகிதத்திலேயே இருக்க வேண்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று வாயால் சொன்னால் கேட்காதீர்கள். புரியாவிட்டால் ஊரில் வக்கீல் இல்லையா? பிள்ளையின் வாத்தியார் இல்லையா? ஒரு நாள் தாமதித்தால் குடி முழுகிவிடாது. ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்கிற அணி, பிள்ளைக்கு அடிபட்டால் ஒரு மாதம் பொறுக்குமா?

அணிகளும் செய்ய வேண்டியது உண்டு. தமிழ்ப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினால் தமிழிலும் ஒரு பிரதி கொடுக்கட்டும். பந்து வாங்கப் பணம் இருக்கிறது, விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது. 14 பக்கத்தைத் தமிழில் எழுதப் பணம் இருக்காதா?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. செங்கற்பட்டு மாவட்டத்திலேயே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எப்படி ஓட வேண்டும், எப்படி எறிய வேண்டும் என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். எப்படிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்லித் தரலாமே! மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் வாரத்தில் ஒரு நாள் ஒரு வக்கீல் உட்கார்ந்து, பிள்ளைகள் கொண்டுவரும் ஒப்பந்தங்களை இலவசமாகப் படித்துச் சொல்லலாமே! அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு கொடுத்திருக்கிற தமிழகத்துக்கு இது பெரிய செலவா?

*கல்லும் காகிதமும்*

அன்று மாமல்லபுரத்தில் இறங்கிய பிறகு பெரியவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனேன். பையனும் வந்தான்.

“ஐயா, உங்கள் தொழிலில் அச்சாரம் வாங்குவீர்கள் அல்லவா?” என்று கேட்டேன்.

“வாங்குவோம். ஆனா கல்லைப் பார்க்காம அச்சாரம் வாங்க மாட்டோம். முதல்ல கல்லைத் தட்டிப் பார்ப்போம். ஓசை கணீர்னு வந்தா நல்ல கல். செத்த ஓசை வந்தா உள்ளே விரிசல் இருக்கும். விரிசல் கல்லுல சாமி செய்ய ஒத்துக்கிட்டு, பாதியில மூக்கு உடைஞ்சா யார் பொறுப்பு?”

“இந்தக் காகிதத்தைத் தட்டிப் பார்த்தீர்களா?”

பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு மகனைப் பார்த்தார். “ஏண்டா, உனக்கு என்ன தோணுது?”

பையன் அப்போதுதான் வாய் திறந்தான். “எனக்கு ஆடணும்ப்பா. ரயில்வேயிலயும் ஆடலாம். ஆனா இவங்க டி.வி.யில காட்டுவாங்க.”

நியாயமான ஆசை. 20 வயதில் டி.வி.யில் வர ஆசைப்படாதவன் யார்? அந்த ஆசையை நாம் குறை சொல்லக் கூடாது. அதற்கு என்ன விலை என்பதை மட்டும் அவனுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

நான் சொன்னது இதுதான்: “தேர்வுக்குப் போகவிடச் சொல்லுங்கள். அடிபட்டால் பருவம் முடியும்வரை சம்பளம் கேளுங்கள். அந்த 2 ஆண்டு வரியை அடிக்கச் சொல்லுங்கள். மூன்றையும் எழுத்தில் கொடுத்தால் தாராளமாகப் போடுங்கள். கொடுக்காவிட்டால், உங்கள் பிள்ளை அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போதே தெரிந்துவிடும்.”

பெரியவர் காகிதத்தை மடித்து மஞ்சள் பையில் வைத்தார். “திங்கட்கிழமை செங்கற்பட்டுக் கோர்ட்டு வாசல்ல ஒரு வக்கீலைப் பார்த்துட்டுத்தான் மத்தது” என்றார்.

அவர்கள் ஐந்து ரதத்துப் பக்கம் நடந்து போனார்கள். அந்த ரதங்கள் முழுதாகச் செதுக்கி முடிக்கப்படாதவை என்பது பலருக்குத் தெரியாது. ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை எதனாலோ பாதியில் நின்றது. இருந்தாலும் உலகமே வந்து பார்க்கிறது. காரணம், அதுவரை செதுக்கியதை ஒழுங்காகச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆட்டமும் அப்படித்தான். எல்லாப் பிள்ளையும் உச்சிக்குப் போக முடியாது. பாதியில் நிற்பது அவமானம் அல்ல. ஆனால் தட்டிப் பார்க்காத கல்லில் உளி வைத்துவிட்டுப் பிறகு விதியை நொந்து பயன் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் பந்தைக் கொடுங்கள். பேனாவைக் கொடுக்கும் முன் மட்டும், கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்!